கோடியக்கரையில் ஆயிரக்கணக்கில், கோத்தகிரியில் ஒன்றே ஒன்றா? மலைக்கு வரும் குளிர்காலப் பறவைகள் பற்றி ஒரு கேள்வி

கோத்தகிரிவாசி (ஜனவரி 5)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஓர் அட்டியை (படுகர் சிற்றூரை) ஒட்டி முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பறவைகளைப் பார்ப்பதில் ஆசை உண்டே தவிர, முறையாகக் கற்றவன் அல்லன். அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியை அழைத்துக்கொண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் வேதாரண்யத்தில் உள்ள சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் விடியற்காலையில் கோடியக்கரைச் சரணாலயத்தில் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

வெளிமான்களையும் மட்டக்குதிரைகளையும் பார்த்துக்கொண்டே போனவர்கள், காடு முடிந்து சேற்றுவெளி தொடங்கிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டோம். தொலைவில் வெளிறிய சிவப்பில் ஒரு கோடு இழுத்ததுபோலத் தெரிந்தது பூநாரைக் கூட்டம் என்பது உடன் வந்தவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கிட்டத்தில், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உள்ளான்கள் நூற்றுக்கணக்கில், இறைத்த நொய்யைக் கொத்தும் கோழிக்குஞ்சுகளைப் போல ஈரச் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று எழுந்தால் எல்லாமே எழுந்து, ஒரே வீச்சில் திரும்பும்போது வயிற்று வெள்ளை பளிச்சிட்டு, மீண்டும் அதே இடத்தில் இறங்கின. ஊருக்குத் திரும்பிய மறுநாள், பனி மூடிய தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "நம் ஊருக்கு மட்டும் ஏன் தாத்தா ஒன்றுமே வரவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வடக்கிலிருந்து வரும் பறவைகள் மலையைத் தவிர்த்துவிட்டுக் கடலோரத்துக்குப் போய்விடுகின்றனவா? ஒன்றுமே வரவில்லை என்றும் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக்கு மருந்தடிக்கத் தண்ணீர் எடுக்கும் சிறு குட்டை ஒன்று இருக்கிறது. மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக ஒரே ஒரு பறவை, பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, நவம்பரிலிருந்து அதன் கரையில் திரிகிறது. கோடியக்கரைக் கழிமுகத்தில் பார்த்த ஒன்றும் இதைப் போலவே ஆட்டியது. இரண்டும் ஒரே இனமாக இருக்க முடியுமா? அடுத்து, எங்கள் துவைகல்லுக்கு ஒவ்வோர் ஆண்டும் மஞ்சள் வயிற்று வாலாட்டி ஒன்று வருகிறது. ஆண்டுதோறும் அதே பறவைதான் வருகிறதா? கடைசியாக, இரண்டு வாரமாக மின்கம்பியில் வந்து உட்காரும் முழு நீலக் குருவி எது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன். என்னிடம் நல்ல புகைப்படம் இல்லை.

ஏரிக்கரை நடை, உதகை (ஜனவரி 5)

ஐயா, வணக்கம். உங்கள் பேத்தியின் கேள்வி நியாயமானது. மலையில் பத்து ஆண்டு நடந்த பிறகுதான் எனக்கே அதற்கு விடை பிடிபட்டது. வலசைப் பறவைகள் மலைக்கும் வருகின்றன. ஆனால் இங்கே கூட்டமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக வாழ்கிறது. கடலோரச் சேற்றில் புழுவும் சிறு நத்தையும் கூனி போன்ற சிற்றுயிர்களும் கைப்பிடி மண்ணுக்கே ஏராளமாகக் கிடைப்பதால், ஆயிரம் பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்றாலும் சண்டைக்கு அவசியம் இல்லை. மறைவே இல்லாத அந்த வெட்டவெளியில் வல்லூறு பாய்ந்தால் கூட்டத்தில் ஏதாவது ஒரு கண் முதலில் பார்த்துவிடும் என்பதும் சேர்ந்திருப்பதற்கு ஒரு காரணம். சோலையிலும் தேயிலையிலும் பூச்சிகள் இலைக்கு இலை சிதறிக் கிடக்கின்றன. அங்கே பத்துப் பறவைகள் ஒரே மரத்தில் மேய்ந்தால் பத்தும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே கோடியக்கரையில் கண்ணால் தேடினீர்கள் என்றால், கோத்தகிரியில் முதலில் காதால் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுச் சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் "ச்சீ-வீ, ச்சீ-வீ" என்று நாள் முழுவதும் ஒரு கூர்மையான குரல் கேட்கிறதா என்று பாருங்கள். அது இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் இலைக் கதிர்க்குருவி. அரைச் சாண் நீளம்தான் இருக்கும். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டுவதுபோல "டக்… டக்" என்று வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. வேலிக் கம்பத்தின் மேல் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது பழுப்புக் கீச்சானாக இருக்கலாம். இந்த மூன்றும் உங்கள் பேத்தி வாசற்படியில் நின்றபோதே அவளைச் சுற்றி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குட்டைப் பறவை, உங்கள் வருணனையின்படி, சாதாரண உள்ளான். கடற்கரை, உப்பங்கழி, ஆற்றங்கரை, மலையோடை, ஏன், நகரத்துச் சாக்கடை ஓரம் என்று எதையும் ஒதுக்காத பறவை அது. காஷ்மீர், லடாக் பகுதிகளிலும் ஐரோப்பா, வட ஆசியா முழுவதிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் நாடெங்கும் பரவுகிறது. உதகை ஏரியில் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் நானும் பார்த்திருக்கிறேன். பறக்கும்போது கவனியுங்கள்: இறக்கையை முழுதாக உயர்த்தாமல், தண்ணீரை ஒட்டினாற்போல், வெடவெடவென்று அடித்துக்கொண்டு சற்று மிதந்து போகும்.

துவைகல்லுக்கு வருவது சாம்பல் வாலாட்டி. மலைக்கு மிகவும் முந்தி வரும் விருந்தாளி அதுதான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, தென்மேற்குப் பருவமழையின் ஈரம் காயும் முன்பே, அதன் "ட்சிட்-சிட்" குரல் ஓடைகளில் கேட்கத் தொடங்கிவிடும். முப்பது ஆண்டும் ஒரே பறவையாக இருக்க வழியில்லை. சிறு பறவைகளின் ஆயுள் அவ்வளவு நீளமானதன்று. ஆனால் அடுத்தடுத்த சில ஆண்டுகளில் ஒரே பறவை அதே கல்லுக்குத் திரும்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கால்வளையம் இட்டுக் கவனித்ததில், பல சிறு வலசைப் பறவைகள் சென்ற குளிர்காலத்தில் தங்கிய அதே தோட்டத்துக்குத் திரும்புவது தெரியவந்திருக்கிறது. வளையம் இல்லாத உங்கள் பறவையைப் பற்றி யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

நீலக் குருவி விஷயத்தில்தான் எச்சரிக்கை தேவை. இங்கே இரண்டு உண்டு. நீலமேனி ஈப்பிடிப்பான் இமயத்திலிருந்து வருவது; பச்சை கலந்த, பளபளக்கும் வான்நீலம்; மின்கம்பி, பட்டமரத்தின் உச்சி போன்ற வெளிப்படையான இடங்களை விரும்பும். நீலகிரி ஈப்பிடிப்பான் நம் வீட்டுப் பிள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. நீலம் சற்று மங்கலாக, கருநீலத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் பனிமூட்டத்தில் ஏமாந்துவிடுவோம். வாலின் அடியில், அதாவது வால் உடலோடு சேரும் இடத்தில், இரு பக்கமும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது நீலகிரி ஈப்பிடிப்பான், இல்லாவிட்டால் வந்தேறி. வாலை விரிக்கும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

குன்னூர்த் தேயிலை (ஜனவரி 6)

பறவையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் காதால் தேடச் சொன்னார்களே என்று விடியும் முன் தனியாகத் தேயிலைக்குள் இறங்கிவிடாதீர்கள் ஐயா. இந்தப் பருவத்தில் கரடியும் காட்டெருமையும் நம் தோட்டங்களில் சர்வசாதாரணமாக நடமாடுகின்றன. பேத்தியுடன் போவதானால் வெயில் வந்த பிறகு, பேசிக்கொண்டே, வழி தெளிவாகத் தெரியும் பாதையில் போங்கள். கரடி ஆளைக் கண்டு பாய்வதைவிட, ஆள் வருவது தெரியாமல் திடுக்கிட்டுப் பாய்வதுதான் அதிகம்.

வேதாரண்யத்து உப்பு (ஜனவரி 6)

வணக்கம். நான் பிறந்தது வேதாரண்யம். வேலை நிமித்தம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குன்னூரில் இருக்கிறேன். இரண்டு ஊரும் தெரிந்தவன் என்பதால் ஒன்றிரண்டு சேர்க்க விரும்புகிறேன்.

நீங்கள் போன காலம் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து சதுப்பை நிரப்பி, மார்கழியில் நீர் மெல்ல இறங்கும்போது ஓரச் சேறு நாளுக்கு நாள் புதிதாக வெளிப்படும். அந்த விளிம்பைத்தான் பறவைகள் பின்தொடர்கின்றன. ஒரே சேற்றில் பல இனங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை ஒரே உணவைத் தின்பதில்லை. கொசு உள்ளானின் அலகு குட்டை, மேற்பரப்பைத்தான் கொத்தும். உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து ஓடிப்போய்ப் பொறுக்கும். கோட்டான் என்னும் கரைப்பறவையின் (ஆந்தையன்று) வளைந்த நீள அலகு நண்டின் வளைக்குள் இறங்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும். தரையில் போட்ட ஒரே இலையில் நாலு பேர் நாலு கறியை எடுத்துக்கொள்வதுபோல.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. நான் அந்தப் பொங்கலுக்குப் போனபோது காடு இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. அது கண்ணுக்குப் பழக நேரம் பிடித்தது. சதுப்புப் பறவைகள் மட்டும் தம் பாட்டுக்கு நின்றிருந்தன.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு வருகிறார்கள். சிறுவயதில், வலையில் சிக்கிய உள்ளான் ஒன்றை எடைபோட்டு, வளையம் மாட்டி, என் உள்ளங்கையில் வைத்துப் பறக்கவிட்டார்கள். பஞ்சைவிடச் சற்றே கனம். அதன் நெஞ்சுத் துடிப்பு மட்டும் கையில் தனியாகத் தெரிந்தது. இது சைபீரியப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னபோது நான் நம்பவில்லை.

இன்னொன்றையும் உங்கள் பேத்தியிடம் சொல்லுங்கள். கோடியக்கரை 2002இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது; தமிழ்நாட்டிலேயே முதலாவது அதுதான்; பரப்பு 38,500 ஹெக்டேர். உங்கள் கோத்தகிரியின் லாங்வுட் சோலைக்கும் 2024 ஜனவரியில் அதே தகுதி கிடைத்திருக்கிறது. அதன் பரப்பு வெறும் 116 ஹெக்டேர். அந்தச் சிறிய சோலையின் ஊற்றுகளைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிநீருக்கு நம்பியிருக்கின்றன. கடலோரச் சேறும் மலைச் சோலையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்பதை நான் என் ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பழனிமலைச் சாரல், கொடைக்கானல் (ஜனவரி 7)

உதகை நண்பர் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். குட்டைப் பறவையைப் பற்றி மட்டும் சற்றுப் பொறுக்கச் சொல்வேன். பின்புறத்தை ஆட்டுவது சாதாரண உள்ளானுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. கிரீன் சாண்ட்பைப்பர் என்னும் அதன் உறவினமும் ஆட்டும். அதுவும் தனியாகத்தான் இருக்கும். மரங்கள் சூழ்ந்த சிறு குட்டைகள் அதற்கு மிகவும் பிடித்தவை. இரண்டையும் பிரிப்பது எளிது. நிற்கும்போது நெஞ்சின் பக்கத்தில், இறக்கை மடிப்புக்கு முன்னால், வெள்ளை ஆப்பு ஒன்று மேல்நோக்கி ஏறியிருந்தால் அது சாதாரண உள்ளான். அந்த ஆப்பு இல்லாமல், முதுகு கருத்து, விரட்டினால் உரக்கக் கத்திக்கொண்டு உயரமாக எழுந்து, வாலுக்கு மேல் வெள்ளைச் சதுரம் பளீரென்று தெரிந்தால் அது மற்றது. கோடியக்கரையில் நீங்கள் பார்த்தது எதுவோ, குட்டையில் இருப்பதும் அதுவேயாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கண் அதைத்தான் பார்க்கும்.

எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தைப் பற்றியும் சொல்கிறேன். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தால் முக்குளிப்பானும் நாமக்கோழியும் மடையானும் கிடைக்கும்; குதிரைச் சவாரி தொடங்கிய பிறகு அதுவும் குறைந்துவிடும். மெய்யான விருந்தாளி சோலையின் இருட்டுக்குள் இருக்கிறது. இமயத்திலிருந்து வரும் நீல ராபின் என்ற பறவை. முதுகு கருநீலம், நெஞ்சு செம்பழுப்பு, வெண்ணிறப் புருவம். சருகின் மேல் இரண்டு தத்து, பிறகு ஒரு நிறுத்தம். நிற்கும்போது குளிரில் நடுங்குவதுபோல வால் மட்டும் வெடவெடக்கும். குளிர்காலம் முழுவதும் வாயைத் திறப்பது அபூர்வம். மார்ச்சில் புறப்படும் முன் மெல்லப் பாடத் தொடங்கும். ஆறுமணிக் குருவி அக்டோபர் வாக்கில் இரவோடு இரவாக வந்து, களைத்துப்போய் வீட்டு வராந்தாவில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, மாலையில் மரங்களுக்கிடையே விட்டால் போதும்.

எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு வலசைப் பறவைகளில் இல்லை. மலையிலேயே நிரந்தரமாக வாழும் பறவைகளில்தான் இருக்கிறது. நீலகிரிக்கும் பழனிமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் கதிர்க்குருவிக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் சோலையை விட்டு வெளியேறாத சிரிப்பானுக்கு அது கடல். அதனால் உங்கள் மலையில் ஒரு வகைச் சிரிப்பானும் எங்கள் மலையில் வேறு வகையும் இருக்கின்றன. சோலைக்கிலியும் அப்படியே, உங்களுடையதற்கு அடிவயிற்றின் பக்கங்கள் செம்பழுப்பு, எங்களுடையது வெள்ளை வயிறு. சோலைக்கிலி என்ற பெயரைக் கேட்டு யாரும் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம்; மலையாளத்தில் கிளி என்றால் பறவை என்றே பொருள்.

ஏரிக்கரை நடை, உதகை (ஜனவரி 7)

கொடைக்கானல் நண்பர் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். வெள்ளை ஆப்பைப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.

இன்னும் இரண்டைச் சொல்ல மறந்துவிட்டேன். காஷ்மீரில் மட்டுமே இனப்பெருக்கம் செய்து, இலங்கையின் மலைகளிலும் நீலகிரியின் உயரங்களிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஒன்று. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மண் நிறமாக, ஓரத்தில் கறுப்புக் கரையுடன் இருக்கும். மற்றொன்று வுட்காக். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியுடன் சோலை சோலையாக அலைந்தது இதற்காகத்தான். உள்ளான் குடும்பமே என்றாலும் நீர்நிலைக்குப் பகலில் வராது; சோலைச் சருகில், சருகாகவே, படுத்துக் கிடக்கும். சென்ற ஆண்டு என் காலிலிருந்து ஒரு முழத்தில் படபடவென்று எழுந்த பிறகும், அது கிடந்த இடத்தை என்னால் சருகிலிருந்து பிரித்துக் காண முடியவில்லை. அந்தியில் ஈரப் புல்வெளிக்கு இறங்கி, நீண்ட அலகை மண்ணில் இறக்கிப் புழுவைத் தேடும். கண்கள் தலையின் பின்பக்கமாக உயர்ந்து அமைந்திருப்பதால், அலகு மண்ணுக்குள் இருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம், 2015இலிருந்து நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். வீட்டு முற்றமே போதுமானது.

கோத்தகிரிவாசி (ஜனவரி 18)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கரடி எச்சரிக்கையை மதித்து, ஏழரை மணிக்கு வெயில் ஏறிய பிறகே இறங்கினேன்.

குட்டைப் பறவைக்கு வெள்ளை ஆப்பு இருக்கிறது. பைனாகுலரில் மூன்று நாள் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆகவே சாதாரண உள்ளான். கோடியக்கரையில் பார்த்ததைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்போது ஆப்பைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீலக் குருவி ஏமாற்றிவிட்டது, அல்லது நான்தான் ஏமாந்தேன்: கம்பியிலிருந்து பூச்சிக்குப் பாய்ந்து திரும்பும்போது வால் விரிந்தது, அடியில் இரு பக்கமும் வெள்ளை. வடக்கிலிருந்து வந்த விருந்தாளி என்று இரண்டு வாரமாக நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் ஊரின் நிரந்தரவாசி.

பொங்கலன்று முற்றத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன். வலசை வந்தவற்றில் சாம்பல் வாலாட்டி ஒன்று, பழுப்புக் கீச்சான் ஒன்று, வேலிப் புதரில் "டக்" என்ற குரல் ஒன்று. சில்வர் ஓக்கின் உச்சியில் "ச்சீ-வீ" இரண்டு இடத்தில் கேட்டது. ஒன்றையும் கண்ணால் காண முடியவில்லை, கழுத்து வலித்ததுதான் மிச்சம். பேத்தி பள்ளி திறந்து கோவைக்குப் போய்விட்டதால் கைப்பேசியில் பட்டியலை வாசித்துக் காட்டினேன். "மொத்தம் ஐந்துதானா?" என்று கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வாலாட்டி ஒன்று ஓடைப் பக்கமிருந்து வந்து துவைகல்லின் ஓரத்தில் இறங்கியது. நம்முடையது கொடிக்கயிற்றின் கீழிருந்து அம்புபோல வந்து, அதைத் தேயிலை வரிசை முடியும் வரை துரத்திவிட்டு, திரும்பி வந்து கல்லின் நடுவில் நின்று வாலை ஆட்டியது. பட்டியலில் அதையும் சேர்த்து ஆறாகத் திருத்திப் பதிந்திருக்கிறேன். விரட்டப்பட்டதையும் எண்ணலாம் அல்லவா?

ஏரிக்கரை நடை, உதகை (ஜனவரி 18)

தாராளமாக எண்ணலாம் ஐயா. அது அடுத்த வீட்டுத் துவைகல்லில்தான் இருக்கும்.